கரையாத சாம்பல்

என்ர அருமை அண்ணை,

நீங்கள் படிப்பிச்ச பள்ளிக்கூடம், உங்களைத் தாட்ட சேமக்காலை எல்லாம் இப்ப மலைக்குக் கீழை போயிட்டுது. இஞ்சை இங்கிலீஷ் ரீவியிலை பாத்தன். மலை கக்கின சாம்பலுக்கு மேலை தேவாலயத்தின்ர கோபுர நுனி மட்டும்தான் தெரிஞ்சுது. அம்மாவின்ர காதிலை விழ முதல் ரீவியை நிப்பாட்டிப் போட்டன்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லிலை பிறந்த மனுசன், அந்தக் கரிபியன் தீவுக்குப் புவியியல் படிப்பிக்கப் போய் எரிமலையிலை பித்தாகிப் போனீங்கள். போனிலை எனக்கும் அதே பாடம்தான். கடலுக்கடியிலை ஒரு தட்டு மற்றத் தட்டுக்குக் கீழை போகுதாம், அதாலை பாறை உருகி மேலை வருகுதாம். "எங்கட மலையின்ர குழம்பு ஓடாது தங்கச்சி, களி மாதிரித் தடிச்சு வாயிலையே குவியும். குவிஞ்சது சரிஞ்சால்தான் ஆபத்து. ஆனால் இவர் நல்ல நித்திரை" எண்டு சிரிப்பீங்கள். என்ன நித்திரை அண்ணை?

நெஞ்சு வலியிலை நீங்கள் போனபோது, அங்கை எரிக்க வசதியில்லை எண்டு தாட்டுப் போட்டினம். சாம்பலைக் கடலிலை கரைக்காமல் அந்தியேட்டிக் கிரியை எப்பிடிச் செய்யிறது? "பிள்ளையை எடுத்து எரிச்சுப் போட்டுத்தான் நான் சாவன்" எண்டு அம்மா ஒற்றைக் காலிலை நிண்டா. அதுக்கு அனுமதி கேட்டுக்கொண்டு இருக்கேக்கைதான் மலை வெடிச்சுது. இப்ப அந்தப் பக்கம் ஒருத்தரும் போகேலாது.

போன கிழமை நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா ஒரு சின்னப் பொதி அனுப்பினா. வடக்குப் பக்கம் தப்பி ஓட முதல் உங்கட வாசலிலை அள்ளின சாம்பலாம். கண் வடிவாத் தெரியாத அம்மா, கோயில் திருநீறு எண்டு நினைச்சு நெத்தி நிறையப் பூசிப்போட்டா. நெத்தி கீறிச் சிவந்துபோச்சு. "இது எந்தக் கோயில் பிள்ளை?" எண்டா. அதுக்குப் பிறகு மறைக்கேலாமல் எல்லாத்தையும் சொன்னன்.

அம்மா அழேல்லை. "அப்ப என்ர பிள்ளை எரிஞ்சிட்டானே?" எண்டு மட்டும் கேட்டா.

எரிமலையைப் பற்றித் தெரிஞ்ச ஒருத்தரிட்டை நான் முதலே போனிலை விசாரிச்சிருந்தன். நெருப்பு மேலாலை போயிடும், ஆழத்திலை மண் சுடாது எண்டவர். அதை எப்பிடி அண்ணை அம்மாவுக்குச் சொல்லுறது? "ஓம் அம்மா, எரிஞ்சிட்டார்" எண்டன்.

அடுத்த நாள் ஐயரோடை இஞ்சை கிட்டடியிலை இருக்கிற சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனம். அம்மா பொதியைத் தண்ணியிலை கொட்டினா. அது கரையேல்லை அண்ணை. பேர்தான் சாம்பல், பொடிஞ்ச கல்லும், பாறை உருகி இறுகின கண்ணாடியும் எங்கை கரையும்? அவவின்ர காலடியிலை அப்பிடியே படிஞ்சு கிடந்துது. "கரைஞ்சுதோ?" எண்டு கேட்டா. அதுக்கும் ஓம் எண்டன்.

அம்மா இப்ப நிம்மதியாச் சாப்பிடுறா. எனக்குத்தான் சோறு இறங்குதில்லை. நீங்கள் எரியாமல் கிடக்கிறீங்கள் எண்டதை நான் ஆரிட்டைச் சொல்லி அழுறது?

அந்த மண் ஆறட்டும். வழி விடுற அண்டைக்கு நான் வாறன். கையாலை கிண்டி எண்டாலும் உங்களை எடுப்பன். பொம்பிளை கொள்ளி வைக்கக் கூடாது எண்டு சொல்லுறவை சொல்லட்டும், நான் வைப்பன்.

உங்களை இன்னும் வழியனுப்பாத
தங்கச்சி