கொடி உச்சியைத் தொடும் வரை

இயேசு மரி சூசை

தூத்துக்குடி,
கொடியேறிய மறுநாள், சனிக்கிழமை.

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நானும் உன் அம்மாவும் விக்டோரியா அத்தையும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அதிலும் உன் அத்தை உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறாள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஊரில் கிளம்பிய பேச்சு வாட்ஸப்பில் அயர்லாந்து வரை வந்து நீ டூட்டியில் நின்றுகொண்டே அழுதாய் என்று அம்மா சொன்னாள். நீயும் மருமகன் ஸ்டெபினும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்லிவருகிறேன். மாதாவாவது நான் சொல்வதை முழுக்கக் கேட்கிறாள், நீ பாதியிலேயே போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைக் கோபத்தில் மடித்து வைத்தாலும் டீ குடிக்கும்போது எடுத்துப் படித்துவிடுவாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா.

நான் மறுபடி டிரம்பெட் எடுத்ததை அம்மா உன்னிடம் கோள்மூட்டியதும், பிரஷர் உள்ளவர் ஊதக் கூடாது, அறுபத்தொன்பது வயதில் மேல் பல் செட்டை மாட்டிக்கொண்டு என்ன ஊதல் என்று நீ அங்கிருந்தே தடை போட்டதும், மவுத்பீஸை ஒளித்து வைக்கச் சொன்னதும் எல்லாம் எனக்குத் தெரியும். உன் அம்மா அதை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். நாற்பத்திரண்டு வருஷமாக உலை வைக்கும்போது அரிசியை அளந்து போடுங்கள் என்று என்னை ஏவுகிறவள், அன்றைக்கு மட்டும் நானே அளக்கிறேன், நீங்கள் உட்காருங்கள் என்றாள். இது போதாதா எனக்கு? சாயங்காலமே எடுத்துவிட்டேன். அடுத்த முறை ஏதாவது ஒளிக்க வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடி.

டிரம்பெட்டை நானாகத் தேடிப்போய் எடுக்கவில்லை. அத்தை இடுப்பு எலும்பு முறிந்து நம் வீட்டோடு வந்தபோது அவளுக்குக் கட்டில் போட இடம் ஒழித்தோம், அப்போது என் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டி வெளியே வந்தது. திறந்தால் பட்டன் மூன்றும் இறுகிப்போய்க் கிடந்தன. அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றி இரண்டு நாள் வைத்தேன், இளகிவிட்டது. என் உதடுதான் இளகவில்லை. முதல் வாரம் வந்த சத்தத்தைக் கேட்டு அத்தை, ஏலே வில்பிரட்டு, அங்கன எவனும் ஆட்டுக்குட்டியைக் கட்டிப் போட்டிருக்கானா பாரு என்றாள். டிரம்பெட்டின் அகன்ற வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு பின் அறையில்தான் ஊதினேன். வேகமான பாட்டுக்குப் பல் செட்டு நழுவுகிறது, அதனால் இழுத்து ஊதும் பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். நம் கோவிலில் இழுத்து ஊதும் பாட்டு எதுவென்று உனக்கே தெரியும், அடக்கத்துக்கு ஊதுவதுதான்.

நான் ஏன் பதினாலு வருஷம் அதைத் தொடவில்லை என்பதை நீ உன் அம்மா சொன்ன விதத்தில் கேட்டிருப்பாய். நடந்தது இதுதான். ரெக்சன் திருச்சியில் நோட்டேஷன் படித்து வந்து கோவில் பேண்டுக்கு மாஸ்டர் ஆன புதிது. கஸ்பார் மாமா அடக்கத்தில் கோவில் வாசலில் சவப்பெட்டியை இறக்கும்போது நோட்டேஷன் பேப்பரில் நாலு எண்ணிக்கைதான் என்று கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டான். பெட்டி இன்னும் தோளில் இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன், சரக்கு தரையைத் தொடும் வரைக்கும் லிவரிலிருந்து கை எடுக்கமாட்டேன், பெட்டி தரையைத் தொடும் முன்னால் மட்டும் எப்படி ஊதலை விடுவேன்? எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை, கேட்டுக் கேட்டு நானே படித்தது, அதில் இந்த ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். அவன் எல்லோர் முன்னிலையிலும், மாமா, பேப்பர் படிக்கத் தெரியாதவங்க பேண்டுக்கு வரவேண்டாம் என்றான். போகவில்லை. அவ்வளவுதான் சண்டை. இதில் என் பக்கம் தப்பு இருப்பதாக உன் அம்மா சொன்னால் நம்பாதே.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மதியம் இரண்டு மணி, கரண்டும் இல்லை, புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து, துண்டையும் எடுத்துவிட்டுக் கண்ணை மூடி ஊதினேன். அன்றைக்குத்தான் சத்தம் நன்றாக வந்து தொலைத்தது. தெருவில் உள்ளவர்கள், பதினாலு வருஷம் கழித்து வில்பிரட் ஊதுகிறான், அதுவும் இந்தப் பாட்டை ஊதுகிறான், அவன் அக்கா போய்விட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோவில் உபதேசியார் ஓடிப்போய்த் துக்க மணி அடித்திருக்கிறார், நான் அது வேறு எவருக்கோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உருக்கமாக ஊதினேன். கண்ணைத் திறந்தால் ஜன்னலுக்கு வெளியே தெருவே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பூக்கடை சண்முகத்தாய் மாலையோடு நிற்கிறாள். பேண்டு பையன்கள் பாதிப் பொத்தான் போட்ட யூனிஃபார்மில் நிற்கிறார்கள், முன்னால் ரெக்சன். மீன் வாங்கப் போயிருந்த உன் அம்மா இந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பையைப் போட்டுவிட்டு ஐயோ மைனி என்று அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். அவள் அலறலைக் கேட்டு அத்தை வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஏளா, யாரு செத்தா என்று சண்முகத்தாயிடமே கேட்டாள். அவள் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அத்தைக்கு விளங்கிவிட்டது. மாலையை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, ரோசாப்பூ கம்மியா இருக்கு, அன்னைக்கு நல்லதாக் கட்டிக் கொண்டா என்று திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் என்னையும் ரெக்சனையும் மாறி மாறிப் பார்த்து, நான் செத்தாத்தான் நீங்க ரெண்டு பேரும் ஒரு வாசல்ல நிப்பீங்கன்னு நெனச்சேன், செலவில்லாம முடிஞ்சிட்டு என்றாள். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரெக்சன் என் முகத்தைப் பார்க்காமல் டிரம்பெட்டைப் பார்த்துக்கொண்டே, மாமா, கொடியேத்தத்துக்கு ஆள் இல்ல, டிரம்பெட் ஊதுற அனிஷும் தோஹா போயிட்டான் என்றான். மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது தனியாக ஒரே ஊதல் ஊத வேண்டும் அல்லவா, அதற்கு. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பேப்பர்ல எட்டு எண்ணிக்கை என்றான். கொடி எட்டு எண்ணிக்கையில உச்சிக்குப் போயிருமோ என்றேன். அவன் சிரித்துக்கொண்டு, உச்சி வரைக்கும் உங்க மூச்சு நிக்குமா மாமா, நின்னா புடிங்க என்றான். நிக்கும்லே என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து போன வருஷ வீடியோவைப் போட்டுப் பார்த்தால், கொடி உச்சிக்குப் போக முப்பது வினாடி ஆகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஊதினேன், எனக்குப் பதினாறுதான் வந்தது. வியாழக்கிழமை வரைக்கும் முக்கி முக்கி இருபத்திரண்டு. இதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

நேற்றுக் காலைப் பூசை முடிந்து ஃபாதர் கொடியை மந்திரித்தார், கயிற்றை இழுத்தார்கள், நான் ஆரம்பித்தேன். பல் செட்டு சொன்னபடி கேட்டது. ஆனால் கச்சான் காற்று கொடியைக் கயிற்றோடு சுற்றிவிட்டது, விடுவித்து விடுவித்து இழுக்கிறார்கள், கொடி அரை மரத்தில் ஆடிக்கொண்டு நிற்கிறது, எனக்குக் கண் இருட்டுகிறது. சத்தம் மெலிந்து அறுந்துபோகும் நேரத்தில் என் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் வந்து அதே சுரத்தில் நின்றது. ரெக்சனின் கிளாரினெட். நான் ஒரு மூச்சு வாங்கும் வரைக்கும் அவன் பிடித்துக்கொண்டான், நான் மறுபடி சேர்ந்தேன், கொடி உச்சியில் போய்த் தட்டியபோது இரண்டு பேரும் ஒன்றாக விட்டோம். கூட்டம் மரியே வாழ்க என்று சத்தம் போட்டது, நடுவில் நான் மூச்சு வாங்கியது ஒருத்தருக்கும் தெரியாது. அவன் முன்னால் ஸ்டாண்டில் பேப்பர் இருந்தது, எட்டிப் பார்த்தேன். எனக்குப் பேப்பர் படிக்கத் தெரியாதுதான், ஆனால் அந்த இடத்தில் அவனுக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பது தெரியும். அவன் அந்தப் பேப்பரை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பிராக்டிஸ் மாமா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். போகலாம் என்று இருக்கிறேன். மன்னிப்பு அவன் கேட்கவில்லை, ஆகையால் நான் மன்னிக்கவும் இல்லை, பிராக்டிஸ் வேறு மன்னிப்பு வேறு.

உன் தடை உத்தரவுக்காக டாக்டரிடமும் போய் வந்தேன். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஊதலாம் என்றார். அவருக்கு டிரம்பெட்டைப் பற்றி என்ன தெரியும், முக்கால் மணி என்று நானே மாற்றிக்கொண்டேன்.

ராத்திரி டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. மருமகனைத் தினமும் சமைக்கச் சொல், அவன் வைக்கும் மீன் குழம்பு உன்னுடையதைவிட மேல் என்று அவனே என்னிடம் சொன்னான். குடும்பச் செபத்தை விடாதீர்கள். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக, சீக்கிரம் மூன்று பேராக ஊருக்கு வர அருள் தருவாளாக.

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை. நேற்று அப்பா உச்சி வரைக்கும் ஒரே மூச்சில் பிடித்தார் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு அலைகிறாள், உனக்கும் போன் போட்டுச் சொல்வாள். ஆமாம் என்று சொல். பொய் சொல்ல மனசு வராவிட்டால் லைன் சரியில்லை என்று போனை வைத்துவிடு, அது உனக்கு நன்றாக வரும்.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கேட்காத அப்பா,
வில்பிரட்