தீப்பொறி இல்லாத புஸ்வாணம்

8.11.2006, புதன்

கோபம் இன்னும் ஆறவில்லை.

தீப்பொறி இல்லாமல் ஒளிரும் புஸ்வாணம் செய்வதற்காக மாமா மதுரையிலிருந்து வாங்கி வந்த ஆறு பலவண்ண எல்.இ.டி. விளக்குகளையும் அறிவியல் சார் இன்று குப்பைக்கூடையில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நான்கு கால்கள்: மூன்று நிறங்களுக்கு மூன்று, மூன்றுக்கும் பொதுவாக நீளமான ஒன்று. சாதாரண எல்.இ.டி.யில் நீளமான கால்தான் பிளஸ். சார் அதே பழக்கத்தில் டெஸ்டரின் பிளஸ் முனையான சிவப்பு முனையை நீளமான காலில் வைத்து, கறுப்பு முனையால் மற்ற மூன்றையும் தொட்டார். ஒன்றும் எரியவில்லை.

“எல்லாம் செத்துப்போச்சு. ஒங்க மாமாவ நல்லா ஏமாத்திட்டாங்க,” என்றார். வகுப்பே சிரித்தது.

“இதுல நீளக் கால்தான் சார் மைனஸ். முனைய மாத்தி வச்சுப் பாருங்க சார்,” என்றேன்.

“எனக்கே பாடம் நடத்துறீகளோ, டீச்சரம்மா?”

சூலக்கரையில் நடக்கும் மாவட்ட அறிவியல் கண்காட்சிப் பட்டியலில் என் பெயரை அடித்தார். எரிமலை செய்த முருகேசனின் பெயரை எழுதி, பட்டியலை உடனே அனுப்பியும் விட்டார்.

மாலை மணி அடித்ததும் கூடையிலிருந்து ஆறையும் பொறுக்கி, அவர் மேசையிலேயே முனைகளை மாற்றி வைத்தேன். சிவப்பு, பச்சை, நீலம். ஆறும் எரிந்தன. சார் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே பார்த்தார்.

“சரி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வருடம் நான் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு இருப்பதால் பத்தாம் வகுப்பில் யாரையும் கண்காட்சிக்கு அனுப்பமாட்டார்கள். எங்கள் பள்ளியில் அந்த விதியைக் கொண்டுவந்ததே அவர்தான்.