ஷாக் மவுண்ட் மாட்டிய பிறகு

14 ஆகஸ்ட் 2004, சனி. ஆகுர்டி.

ரப்பர் வளையங்களில் மைக் தொங்கும் ஷாக் மவுண்டை இன்று வாங்கி மாட்டினேன். இதுவரை தெருவில் லாரி போனாலே ஸ்டாண்ட் அதிர்ந்து, என் மனைவி சுதாவின் பாட்டுப் பதிவில் ‘டும்’ என்ற சத்தம் விழும். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாடியது எதுவும் சரியாக வராததற்கு அந்தச் சத்தத்தையே காரணம் சொல்லிவந்தேன்.

மாலையில் பாடினாள். லாரி போனது. பதிவில் அது கேட்கவில்லை. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவள் குரல் உடைவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“இப்ப சரியா வந்திருக்கா?”

“ரப்பரை இன்னும் கொஞ்சம் தளர்த்தணும்” என்றேன்.

ஹெட்போனை வாங்கி முழுப் பாட்டையும் கேட்டாள்.

“மைக்ல ஒண்ணும் தப்பில்லீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூப்பிட்டேன். பிறகு ரப்பரைத் தளர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டேன்.