மூன்றாவது ரிங்குக்கு விழிக்கிற போன்

காரைக்கால்மேடு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் முகிலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பூங்கொடியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வேலை இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், நான் என்ன செய்ய. பீர் மைதீன் அண்ணன் லீவு முடிந்து நீ இருக்கிற பிரான்சுக்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கூடவே கொஞ்சம் கருவாடும் வைக்கப் பார்த்தேன், என் சட்டையெல்லாம் நாறிப்போகும் தங்கச்சி என்று சிரித்தே தள்ளிவிட்டார்.

பூங்கொடி உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் என்று தெரியும், உன் தங்கை வாயில் எது நின்றிருக்கிறது. நீ செய்து அனுப்பிய போனால் அப்பாவுக்கு மீன் கெட்டுப்போனது, அதைக் கடலில் போடச் சொன்னார் என்று அவள் சொல்ல, நீ அவளிடம், "பெத்த அம்மாவுக்கே உதவாததை ஊருக்கு எதுக்குச் செய்யணும், வேலைய விட்டுடறேன், அம்மாவுக்குக் கடைப் போனே வாங்கி அனுப்பிடறேன்" என்றாயாம். அதைக் கேட்டதும்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். அவள் பாதிதான் சொல்லியிருக்கிறாள் கண்ணு, மீதியை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இத்தனை மாதமாகக் காலையில் எழுந்தால் அந்தப் போன்தான் என் கையில். எழுத்து பெரிதாக இருக்கிறது, கண்ணாடியைத் தேட வேண்டாம். பேங்க் ஆப் மட்டும் இந்தப் போனில் நம்பி வர மாட்டேன் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது, போனால் போகட்டும், மீன் கூடையில் மாட்டியிருக்கிற க்யூஆர் அட்டையில் யார் ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டாலும் பேங்க் மெசேஜ் வந்துவிடுகிறது, என் மீன் வியாபாரத்துக்கு அது போதும். விளம்பரம் எதுவும் குறுக்கே வருவதில்லை. இதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று நீ சொன்னாயே, அதை அப்பாவிடம் சொன்னபோது, நம் போட் இன்ஜின் மாதிரி, மூடியைக் கழற்றி நாமே பார்க்கலாம், கம்பெனி ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று அவரே மெச்சிக்கொண்டார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். அப்பா கரைக்குத் திரும்பும்போது சிக்னல் கிடைத்ததும் ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவார். அந்த மிஸ்டு கால் வந்ததும் நான் ஐஸ் வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடுவேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து கடலுக்குப் போகிறவர், செல்போன் வந்த நாளாக இதுதான் பழக்கம். அன்றைக்கு ரிங்கே வரவில்லை. போட் வந்து நின்றுவிட்டது, வலை நிறையக் கானாங்கெளுத்தி, அது வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும். ஐஸும் இல்லை, நானும் இல்லை. வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார், கோபத்தில் சாப்பிடக்கூட இல்லை. போனைக் கடலில் போடச் சொன்னது அந்தக் கோபத்தில்தான்.

மறுநாள் நானும் பூங்கொடியும் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். அவள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். ஒரு ரிங்கில் கட் பண்ணினால் போன் அசையவே இல்லை. விடாமல் அடித்தால் மூன்றாவது ரிங்குக்குத்தான் முழிக்கிறது. சார்ஜ் நிற்கவில்லை, ஏலம் போடுகிற இடத்தில் பிளக் கிடையாது என்று நான் புலம்பினதற்கு நீ அதற்கு முந்தின ராத்திரிதான் அங்கிருந்தே அதைத் தூங்கவைக்க ஏற்பாடு செய்தாயே, அதுதான். பூங்கொடி அதற்குக் கும்பகர்ணன் என்று பேர் வைத்துவிட்டாள். உன்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் கூப்பிட்டால் பேசுகிறவர்கள், ஒரு ரிங் விட்டு வைப்பவர்களைக் கண்டிருக்க மாட்டார்கள். புதுச்சேரியில் படிக்கும்போது பஸ் ஏறினதும் மிஸ்டு கால் கொடுத்த பிள்ளை நீ, நீயுமா மறந்துவிட்டாய். இதற்குப் போய் வேலையை விடுவார்களா. ஓட்டை தெரிந்துவிட்டது, அடைக்க வேண்டியதுதானே.

நான் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, நான் எடுக்கிற வரைக்கும் அடியுங்க என்றேன். எடுத்தால் என்ன பேசுவது என்று முறைத்தார். முதல் நாள் நான் எடுத்ததும் இன்ஜின் சத்தம்தான் கேட்டது. அடுத்தடுத்த நாளில் "ம், வந்துட்டோம்" என்பார். போன வெள்ளிக்கிழமை நான் ஐஸ் கடையில் நிற்கும்போது கூப்பிட்டு, "அஞ்சுகம், சாப்டியா?" என்று கேட்டார் தம்பி. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த மனுஷர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஐஸ் கடைக்காரர் என்னக்கா, வீட்டில் ஏதும் கெட்ட சேதியா என்று பதறிவிட்டார். இப்போது தினமும் ஏதாவது கேட்கிறார், காற்று எப்படி என்று சொல்கிறார், உன்னைப் பற்றிக்கூடக் கேட்கிறார்.

அதனால் கடைப் போன் அனுப்பாதே, வேலையையும் விடாதே. குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாள், நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். மிஸ்டு காலுக்காக ஐஸ் பெட்டியோடு காத்திருக்கிற பொம்பளைகள் எந்தெந்தக் கரையிலோ இருப்பார்கள், அவர்களுக்காக ஒரே ரிங்கில் முழிக்கிற மாதிரி அதைச் சரிபண்ணு. என் போனில் மட்டும் கை வைக்காதே, அது அப்படியே தூங்கட்டும்.

உன் அம்மா,
அஞ்சுகம்.