தோளில் நான்கு விரல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மற்றபடி உன் மேல் இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை மீட்டிங் என்றாய். அடுத்த தடவை எடுக்காமல் ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினாய். நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போய்க் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பாய். எனக்கோ அந்தப் போனைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் உங்கள் கம்பெனி விழாவில் மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு அத்தானுடைய படத்தைப் போடப்போவதாக எனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாய். அவரிடம் மூச்சுவிடாதே, மேடைக்குக் கூப்பிட்டு அசத்தப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் படத்தை எடுத்துவிடு. அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் எடுத்துவிடு. ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்கிறவனாக இருந்தால் இத்தோடு மடித்து உறையில் போட்டிருப்பேன். நீ கேட்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அத்தான் வேலை உனக்குத் தெரியும். பூட்டு, தாழ்ப்பாள், கீல் என்று கடைகடையாகப் போய் ஆர்டர் எடுக்கிறவர். வாய்ச் சாமர்த்தியம் கிடையாது. கடைக்காரர் புலம்புவதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துருவேறிய சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வார். கிளம்பும்போது அவர்களே கூப்பிட்டு, சரி, ஒரு பெட்டி இறக்கிவிட்டுப் போங்கள் என்பார்கள். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது.

உங்கள் கம்பெனி செய்து விற்கிற ஆப் அவர்கள் போனுக்கு வந்த பிறகு ஒரு கடைக்கு ஏழு நிமிஷம். அதற்கு மேல் நின்றால் போன் உதறும். ஏன் நகரவில்லை என்று கேட்டுவிட்டு, தொடுவதற்குச் சில காரணங்களையும் காட்டும். மூத்திரம் போவது அந்தக் காரணங்களில் இல்லை. அதனால் எல்லோரும் போக்குவரத்து நெரிசல் என்று தொட்டுவிட்டு ஒதுங்குகிறார்களாம். இதைச் சொல்லும்போது அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்த பிள்ளைகள் ஏசி அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறீர்களே என்றுதான் இருந்தது.

அவர்கள் மேலாளருக்கு மேப்பு என்று பட்டப்பெயர். எந்த ஊரிலோ உட்கார்ந்து வரைபடத்தில் இவர்களைப் புள்ளி புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். குரலைத்தான் கேட்டிருக்கிறார்கள், முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. முன்பெல்லாம் காலையில் டீக்கடையில் கூடி, உனக்கு இந்தத் தெரு எனக்கு அந்தத் தெரு என்று பிரித்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் வாரிவிட்டுக் கிளம்புவார்கள். இப்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. யார் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் பார்க்கிறார்கள். ஒருவர் சறுக்கினால் குழு மொத்தத்துக்கும் ஊக்கத்தொகை போய்விடும் என்பதால் அவர்களே ஒருவரை ஒருவர் விரட்டிக்கொள்கிறார்கள். மேப்பு வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது உன் சொந்த யோசனை என்று நீதான் பெருமை அடித்துக்கொண்டாய். காலையில் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தால் நாள் பூராவும் வியாபாரம் களைகட்டும் என்றாய். தினமும் எட்டரைக்குள் போன் முன்னால் நின்று சிரிக்க வேண்டும். அதற்கு அது மார்க் போடும். மார்க் போதவில்லை என்றால் வருகை பதியாது. இன்னும் கொஞ்சம் மலர்ச்சியாக என்று ஒரு பெண் குரல் குழையும். சீ! கல்யாணமாகிக் குழந்தை இருக்கிற மனிதர் விடிந்ததும் ஒரு கருவியிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை அடுப்படியிலிருந்து நான் பார்க்க வேண்டும்.

பாப்பாவுக்கு மட்டும் அது விளையாட்டு. போனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கன்னத்தை உப்பி, கண்ணை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து ஒரு முகம் காட்டுவாள். அத்தான் குலுங்கிச் சிரித்துவிடுவார். கருவி ஏற்றுக்கொள்ளும். அந்த ஒரு சின்னச் சந்தோஷத்துக்காக நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாமா போன அன்றும் எட்டரை வந்தது.

நீ வர முடியாததை நான் குறை சொல்லவில்லை. கூடத்தில் மாமாவைக் கிடத்தியிருந்தோம். சுற்றிலும் சொந்தக்காரர்கள். அத்தான் இரவெல்லாம் தன் அப்பாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போது மேப்பு கூப்பிட்டார். லீவு கேட்பதானாலும் முதலில் வருகை பதிய வேண்டுமாம். இல்லாவிட்டால் சொல்லாமல் நின்றதாகக் கணக்காகி, குழுவில் எல்லோருக்கும் அந்த மாதத்து ஊக்கத்தொகை போய்விடுமாம். அப்பா இறந்துவிட்டார் என்று இவர் சொன்னதற்கு, ரொம்ப வருத்தமாக இருக்கிறது, ஆனால் சிஸ்டம் அப்படி, முகத்தை மட்டும் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்றாராம்.

குழுவில் ஒருவருக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. அதை நினைத்துத்தான் எழுந்தார். கூடத்தை ஒட்டிய நடையில் அலமாரி மேல் போனைச் சாய்த்து வைத்து நின்றார். அழுது வீங்கிய கண்ணை அது ஏற்றுக்கொள்ளவில்லை. வாயை இழுத்தார், பல்லைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் மலர்ச்சியாக, இன்னும் கொஞ்சம் மலர்ச்சியாக. இழவு வீட்டில் அந்தக் குரல். போனைப் பிடுங்கித் தரையில் அடிக்க நான் எழுந்தேன்.

நான் போவதற்குள் பாப்பா போய்விட்டாள். தாத்தா தூங்குகிறார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். அப்பா தினமும் போல இன்றும் திணறுகிறார் என்று நினைத்திருப்பாள். போனுக்குப் பின்னால் நின்று அந்த முகத்தைக் காட்டினாள். அத்தான் சிரித்துவிட்டார். வாய் நிறைய, கண் சுருங்க, சத்தமாக. எடுக்க நேரமாகிவிட்டது என்று அவரைக் கூப்பிட வந்த என் பெரிய நாத்தனார் அந்த நொடியில்தான் பின்னாலிருந்து அத்தானின் தோளில் கை வைத்தார். போன் படம் பிடித்துக்கொண்டது. முழு மார்க்.

அந்தப் படம்தான் இது. சிரிப்புகளில் சிறந்த சிரிப்பு என்று உங்கள் கருவி பொறுக்கிக் கொடுத்திருக்கிறது. நீயும் பின்னாலிருந்த வாசற்படி, கூடம், உட்கார்ந்திருந்த ஜனம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நீல நிறம் பூசியிருக்கிறாய். 'உள்ளத்திலிருந்து வரும் சிரிப்பு' என்று கீழே எழுதியிருக்கிறாய். தோளில் நான்கு விரல்கள் மிச்சம் இருக்கின்றனவே, அவை யாருடையவை என்று யோசித்தாயா? கூட வேலை செய்கிறவர் தட்டிக்கொடுப்பதாக நினைத்திருப்பாய். நாத்தனார் அந்தக் கையை எடுத்தவர்தான். இன்றுவரை அத்தானோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். காது கொடுக்கவில்லை.

பொய்ச் சிரிப்பாக இருந்திருந்தால் அவரும் ஆறியிருப்பார், நானும் துடைத்துப் போட்டிருப்பேன். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: “அப்பா அங்க கிடக்காரு, நான் நிஜமாவே சிரிச்சுட்டேன்.” இப்போது காலையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் வருகை பதிகிறார். உள்ளே என்ன செய்து அந்த மார்க்கை வாங்குகிறாரோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அருவருப்பாக இருக்கிறது. வேறு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அங்கேயும் இதே ஆப்தானாம்.

அப்படிப்பட்டவரைத்தான் ஊரைக் கூட்டி, கைதட்டச் சொல்லி, அந்தச் சிரிப்பின் முன்னால் நிறுத்தப்போகிறாய். நீ தெரிந்து செய்யவில்லை. தெரிந்துகொள்ள உனக்கு நேரமும் இல்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், அதனால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம். உன் வேலையை விடு என்று சொல்லவில்லை. படத்தை எடுத்துவிடு. அந்தச் சிரிப்பு வேலையை ஆப்பிலிருந்தே எடுக்க உனக்கு அதிகாரம் இருந்தால் அதையும் எடுத்துவிடு. இல்லையென்றால் இருக்கிறவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, எனக்கு வெட்கமில்லை.

முடிந்தால் ஒரு தடவை இங்கே வந்துவிட்டுப் போ. விரல்கள் யாருடையவை என்று இப்போது உனக்குத் தெரியும், அத்தானிடம் காட்டிக்கொள்ளாதே. பாப்பாவோடு உட்கார்ந்து விளையாடு. அவள் இப்போதெல்லாம் யாரிடமும் அந்த முகத்தைக் காட்டுவதில்லை. காலையில் எட்டரை ஆனால் தானாகவே அடுப்படிக்கு வந்து, என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்பா கதவைத் திறக்கும்வரை நிற்கிறாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அவளாகவே ஏதோ புரிந்துகொண்டிருக்கிறாள். உன்னைப் பார்த்ததும் ஒருவேளை கன்னத்தை உப்புவாள். உப்பினால் வாய்விட்டுச் சிரி. போனை மட்டும் வெளியே எடுக்காதே.

நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும் என்று உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,

உன் அக்கா