ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து தூறல், கூடவே காற்று. பள்ளி மைதானத்தில் பின்பக்கம் பாதி முடிந்தது. மீதி நாளை, புல் காய்ந்தால்.

அண்ணனுக்குக் கட்டுப் போட்டு இன்றோடு பத்தொன்பது நாள். ஈர ரோட்டில் பைக் வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. இன்னும் ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாதாம். கட்டிலை முன்னறையில் வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறோம், வேறு இடம் இல்லை. வெளியே போவதென்றால் அவர் காலைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போகும்போதெல்லாம் "எங்க?"

புல் வெட்டும் மிஷின் அவருடையது. ஃபேக்டரி வேலையை விட்டு நின்ற பிறகு வாங்கியது, மூன்று வருடம். பள்ளி மைதானம் அவர் தேடிப் பிடித்த வேலை. விட்டால் வேறு ஆள் வந்துவிடுவான் என்றுதான் என்னை அனுப்பினார். "பெட்ரோல் ஊத்து, கயிறு இழு, தள்ளு. வேற எதையும் தொடாதே மல்லி."

அவரிடம் சொல்லாதது: எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. மிஷின் ஓடும் இரண்டு மணி நேரம் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. போனும் கேட்காது.

இன்று தொட்டுவிட்டேன். ஆயில் மூடியைத் திருகி, அதோடு வரும் குச்சியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தார் மாதிரி கறுப்பு. அளவுக் கோட்டுக்கு மேலேயே நிற்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாசனை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆயில் மாத்தணுமாண்ணா?"

"எதுக்கு? பழைய ஆயில் இன்ஜின்ல நல்லா செட் ஆயி கீது. மாத்துனா லூஸ் ஆயிடும். அதெல்லாம் உனக்கு வாணாம்."

ராத்திரிக்குக் கோதுமை ரவை உப்புமா.


ஜூலை 10, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

இன்று மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று வரை அண்ணன் கூப்பிட்டவை: தண்ணீர். ஃபேனைக் கூட்டு. ஃபேனைக் குறை. ரிமோட். தலையணை. வேறு தலையணை. "தெருவுல யாரு பேசறது?" தண்ணீர் (சூடாக). "ஒண்ணுமில்ல, சும்மா."

அந்தக் கடைசி ஒன்றுதான் தாங்க முடியவில்லை.

அலமாரி மேலே மிஷினோடு வந்த புத்தகம் கிடைத்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இங்கிலீஷ், ஆனால் படம் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆயிலை முதல்முறை ஐந்து மணி நேரம் ஓடியதும் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை.

வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு இரண்டு மணி, மூன்று வருடம். மழை, கோடை லீவு கழித்து... கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். பயமாக இருந்தது.


ஜூலை 11, வெள்ளி

மூட்டம். மாத்திரை வாங்குகிறேன் என்று ராபர்ட்சன்பேட்டை போனேன். மாத்திரையும் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரஹீம் பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. குச்சியைத் துடைத்த துணியைக் காட்டினேன். பாய் முகர்ந்து பார்த்தார்.

"இது ஆயில் இல்லம்மா, பாதி பெட்ரோல். கார்புரேட்டர் லீக் ஆயி உள்ள இறங்குது. வேலை முடிஞ்சா பெட்ரோலை நிறுத்தற காக், சின்ன வால்வு, அதை மூடறீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்குதா?"

பாய் சிரிக்கவில்லை, அதற்கே அவரைப் பிடித்துப்போனது. "அப்படியே ஓட்டுனீங்கன்னா ஒரு நாள் ஜாம் ஆயி நின்னுடும். அப்புறம் இன்ஜின் இரும்புக் கடைக்குத்தான்."

ஆயில் ஒரு பாட்டில் வாங்கினேன். பைக்குள் மாத்திரைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.

யோசனை. மாற்றாமல் இருந்து மிஷின் நின்றால், "உன் கைல குடுத்தேன், போச்சு" என்பார். மாற்றி ஏதாவது ஆனால், "தொடாதேன்னு சொன்னேன்" என்பார். எப்படியும் நான்தான். அப்படியென்றால் மாற்றிவிட்டே திட்டு வாங்கலாமே.

ஆனால் கை வரவில்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒரு மூடியைத் திறக்க இவ்வளவு யோசனை.

பதினோரு வருடம் தினமும் காலை ரயில் பிடித்து பெங்களூர் போய் பேக்கிங் வேலை பார்த்தவள் நான். அம்மா படுத்ததும் நிறுத்தினேன். அம்மா போன பிறகு அண்ணன் சொன்னார், "இன்னாத்துக்கு அலையற? வீடு கீது, நான் கீறேன்." அன்பாகத்தான் சொன்னார். அண்ணி விட்டுப் போன பிறகு அவருக்கும் யாரும் இல்லை. நானும் சரி என்றேன். ஆறு வருடம் ஆயிற்று. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற சத்தம் இன்னும் தினமும் எழுப்புகிறது. எழுந்து டீ போடுகிறேன்.


ஜூலை 14, திங்கள்

காலை நல்ல வெயில். பிறகு எல்லாம் கெட்டது.

பள்ளி சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் வைத்து மாற்றினேன். வீட்டில் முடியாது, ஜன்னல் வழியாகப் பார்ப்பார். ஐந்து நிமிடம் ஓட்டி, சூடாக்கி, நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றினேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. சாய்த்து டப்பாவில் ஊற்றினேன். தண்ணீர் மாதிரி ஓடியது. டப்பாவின் அடியில் வெயில் பட்டபோது மினுமினு என்று ஏதோ. தேய்ந்த உலோகத் தூளாக இருக்கும். புது ஆயில் தேன் நிறம். கோடு வரை சரியாக நிரப்பினேன். பெட்ரோல் காக் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். டேங்குக்குக் கீழே, விரல் நகம் அளவு.

பிளக் வயரை மாட்டிக் கயிறு இழுத்தேன். இரண்டு தடவை இருமியது. வெள்ளைப் புகை, ஷெட் முழுக்க. நின்றுவிட்டது. அதன்பின் இருபது தடவை இழுத்தும் ஒன்றுமில்லை. தோள் போயிற்று.

வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். "ஏனம்மா, பெங்கியா?" நெருப்பா என்று கன்னடத்தில் கேட்கிறார். இல்லை என்றேன்.

மிஷினை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அண்ணனிடம், "கிரவுண்டு இன்னும் ஈரம். அங்கயே வெச்சிட்டு வந்தேன்."

"வெயில் அடிச்சிதே."

"கிரவுண்டு ஈரம்ணா."

கொன்றுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சாப்பிடவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

கடை திறக்கும் முன்பே பாய் கடை வாசலில் நின்றேன். பாய் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கேட்டார், "எந்தப் பக்கம் சாய்ச்சீங்க?"

காட்டினேன்.

"காத்து இழுக்கற ஃபில்டர் கீழ போயிடுச்சு. ஃபில்டர் எப்பவும் மேல இருக்கணும்மா. ஆயில் அதுக்குள்ள ஏறிடுச்சு, அவ்ளோதான். பயப்படாதீங்க, சாகல." பிளக் ஸ்பேனர் ஒன்றும் புது ஃபில்டரும் எடுத்து வைத்தார். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிறு இழு, உள்ளே ஏறிய ஆயில் வெளியே தெறிக்கும், துடை, மாட்டு. இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினார்.

தெறித்தது. முகமெல்லாம் ஆயில். மாட்டி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. முதலில் புகை, பிறகு குறைந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. இவ்வளவு சன்னமாக அது ஓடி நான் கேட்டதே இல்லை. நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது, வெட்ட ஆரம்பித்தேன். பின்பக்கம் முழுக்க, கேட் வரை, கொடிக்கம்பம் சுற்றி. நிறுத்த மனமில்லை.

வீட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் தாமதம்.

அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார், கட்டிலில் சாய்ந்தபடி. பாத்ரூமுக்குத் தானே போகப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. லுங்கி நனைந்து, தரை நனைந்து. போன் கட்டிலின் அந்தப் பக்கம். திட்டவில்லை. என் முகத்தில் ஆயில் இருந்ததைக்கூடக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கினேன். துடைத்தேன். லுங்கி மாற்றினேன். ஐம்பத்தாறு வயது மனுஷன்.

கொல்லையில் கை கழுவும்போது தோன்றியது: நான் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.


ஜூலை 18, வெள்ளி

காற்று மட்டும். மூன்று நாளாக நேரத்துக்கு வீட்டில்.

பள்ளி ஹெச்.எம். மேடம் அண்ணனுக்குப் போன் செய்து பாராட்டினாராம். மிஷின் புகையே விடவில்லை, சத்தமும் குறைந்துவிட்டது, புதுசு மாதிரி இருக்கிறது என்று.

அண்ணன் மாலையில் சொன்னார். "நல்லா ஓடறப்பவே வித்துடலாம்னு பாக்கறேன். பூதிகோட்டையில நாராயணப்பான்னு ஒருத்தர், மாந்தோப்பு வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை வர்றார்."

"நான் தள்றேனேண்ணா."

"எத்தினி நாளைக்கு? இந்தக் காலை வெச்சிக்கினு நான் இனிமே தள்ள முடியாது."

"நான்தான் தள்றேன்னு சொல்றேனே."

அண்ணன் மெதுவாக, "நீ போயிட்டா நான் இங்க இன்னா பண்றது மல்லி?"

திட்டியிருந்தால் பதில் இருந்தது.

நன்றாக ஓட வைத்ததே நான். அதனாலேயே போகிறது. மாற்றாமல் விட்டிருந்தால் இந்தப் புகை கக்கும் மிஷினை யார் கேட்டிருப்பார்கள்?

துவரம்பருப்பு தீர்ந்தது.


ஜூலை 20, ஞாயிறு

வெயில், மேகம், மாறி மாறி.

நாராயணப்பா பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, காலில் தோட்டத்து மண். தெலுங்கு கலந்த தமிழ். மிஷினை வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரு சர்வீஸ் பண்றது?"

கட்டிலிலிருந்து அண்ணன், "நான்தான். ஆயில்லாம் நானே மாத்திடுவேன்."

நான் வாசற்படியில், கையில் காபி. இரண்டு பேருக்கும் கொடுத்தேன்.

"ஆயில் மாத்தறப்போ எந்தப் பக்கம் சாய்க்கறீங்க? என்கிட்ட கீறது ரெண்டையும் பையன் ஒருத்தன் சாய்ச்சு கெடுத்துட்டான். அதான் கேக்கறேன்."

அண்ணன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பேசாமல் இருந்திருக்கலாம், பழக்கம்தானே.

"ஃபில்டர் பக்கம் மேல வரணும்" என்றேன். "ஆயில் மாத்துனது நான்தாங்க. போன வாரம். மூணு வருஷத்துல அதான் முதல் தடவை."

"மல்லி."

"கார்புரேட்டர்ல லீக் கீதுங்க. வேலை முடிஞ்சதும் பெட்ரோல் காக் மூடணும். மறந்தீங்கன்னா பெட்ரோல் ஆயில்ல இறங்கும், இன்ஜின் போயிடும். உள்ள கொஞ்சம் தேய்ஞ்சும் கீது. தூள் பாத்தேன்."

நாராயணப்பா காபியைக் குடித்து முடித்தார். "இதெல்லாம் விக்கறவங்க சொல்ல மாட்டாங்களேம்மா." யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

உண்மை சொன்னேனா, வியாபாரத்தைக் கெடுக்கச் சொன்னேனா? இரண்டும். எழுதி வைக்கிறேன், இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

அண்ணன் மதியம் சாப்பிடவில்லை.


ஜூலை 21, திங்கள்

பேச்சில்லை. காலை தட்டு அப்படியே. மதியம் பாதி. கூப்பிடவே இல்லை, ஒரு தடவைகூட. அது கூப்பிடுவதைவிட மோசம். நானே போய்ப் போய்ப் பார்த்தேன்.

பள்ளிக்குப் போகவில்லை.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஃபேக்டரில நான் ஸ்டோர்ல இருந்தவன். நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கற வேலை. வெளிய எல்லாரும் மெக்கானிக்னு நினைச்சாங்க. நானும் விட்டுட்டேன்."

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"அந்தப் புக்கோட கவர்கூட நீ பிரிக்கலையே."

டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "தொறந்தா திரும்ப மூட வராதுன்னு பயம். அதான் தொடாதேன்னேன்."

டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. வேறு போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.


ஜூலை 22, செவ்வாய்

லேசான தூறல், பிறகு தெளிந்தது. பள்ளி முன்பக்கம் முடிந்தது. முடித்ததும் பெட்ரோல் காக் மூடினேன். நேரத்துக்கு வீட்டில்.

நான் உள்ளே வரும்போது அண்ணன் போனில். "ஆமாங்க. இல்லைங்க, நான் சொல்ல முடியாது. அவளைக் கேட்டுட்டு சொல்றேன்."

அவர் வாயிலிருந்து 'அவளைக் கேட்டுட்டு' என்ற சொல்லைக் கேட்டு நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நாராயணப்பாதான். மிஷின் வேண்டாமாம். ஆனால் அவரிடம் கெட்டுக் கிடக்கும் இரண்டையும் அந்த அம்மா வந்து பார்ப்பாங்களா என்று கேட்டிருக்கிறார். கூலி உண்டு. ஓட வைத்தால், பக்கத்துத் தோப்பில் இருப்பவர்களிடமும் சொல்கிறாராம்.

"போறியா?" என்றார் அண்ணன்.

"போய் வர அரை நாள் ஆவும்."

"ஆவும்."

"உனக்கு…"

அவர் காலைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். தெருவில் காய்கறி வண்டிக்காரன் விலை கத்திக்கொண்டே போனான்.

"ஒரு பக்கெட் கிட்ட வெச்சிட்டுப் போ" என்றார். "மூடியோட."

மூடி போட்ட பக்கெட் வீட்டில் இல்லை. நாளை வாங்க வேண்டும். பூதிகோட்டை பஸ் வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு.