இரண்டு கடலுக்குப் போகும் ஆறு

ஜூன் 4, செவ்வாய். கொட்டச்சேடு.
மழை. மாடியில் குடியிருக்கும் ஷீனாவின் மாயாஜால நாவலுக்கு வரைபடம் பாதி முடிந்தது. மலைகள் ஆயிற்று; ஆறு மட்டும் பென்சிலில் கிடக்கிறது. அவள் கதைப்படி அது நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை முகட்டைத் தாண்டிப் போய், கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கடல்களில் விழுகிறது. அந்தத் தண்ணீருக்காக இரண்டு அரசுகள் சண்டை போடுகின்றன. முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் வரைந்தவன் நான். தண்ணீர் முகடு ஏறாது. சொல்லலாமா? வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். ஆற்றுக்குப் பெயரும் இல்லை. அதையும் என்னையே வைக்கச் சொல்கிறாள்.

ஜூன் 5
சொல்லவில்லை.

ஜூன் 6
சொல்லிவிட்டேன். நான்கு முறை தொண்டையைச் செருமிய பிறகு.
"ஏனுங்க சார், அந்த நாட்டுல மீனு பறக்குது, அதுக்கு ஒண்ணுஞ் சொல்லல. ஆறு மேடேறுனா மட்டும் ஆவாதுங்களா?"
"மீனுக்கு ரெக்கை எழுதியிருக்கீங்க. தண்ணிக்கு ஒண்ணும் எழுதலீங்களே."
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஆறு பிரியாவிட்டால் சண்டையில்லை, சண்டையில்லாவிட்டால் கதையே இல்லை என்றாள். இரண்டு வருட உழைப்பு. கதவைச் சாத்திக்கொண்டாள்.
கதைதானே — யாரு கேட்டாங்க என்னைய? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல.

ஜூன் 7, வெள்ளி
காலையிலிருந்து கனமழை. எஸ்டேட் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு மாதம்மாள், தன் வாசலில் தேங்கிய தண்ணீரை, மண்வெட்டியால் வாய்க்கால் கொத்திப் பின்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மேடாயிற்றே என்றேன்.
"மேடுதானுங்க. தானாப் போவுமுங்களா தண்ணி? வெட்டி உட்டாப் போவுது. நீங்க நொம்ப யோசிக்கிறீங்க சார்."
குடையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஷீனாவிடம் ஓடினேன்; மாடிப்படி ஏறியதில் மூச்சிரைத்தது.
"ஒரு கிளைதாங்க ஆறு. இன்னொண்ணு மனுசன் வெட்டினது, முகட்டைப் பொளந்து. அதுக்குப் பேரு வெட்டாறு."
ஷீனா பென்சில் கோட்டின் மேல் விரலை ஓட்டி, முகட்டில் நிறுத்தினாள்.
"அப்படின்னா சண்டை தண்ணிக்கு இல்லீங்க சார். வெட்டினது யாருங்கறதுக்கு."
பதிப்பகத்தில் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறாள். கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 14, வெள்ளி
பெயரை மசியில் எழுதினேன், எழுத்துகள் நீரின் போக்கிலேயே வளையும்படி. ஷீனா கடைசி அத்தியாயத்திலிருந்து நிமிர்ந்து, எத்தனை பேர் சேர்ந்து வெட்டினார்கள் என்று கேட்டாள். ஆதாரம் இல்லாத எண் எதையும் நான் இதுவரை எந்த வரைபடத்திலும் எழுதியதில்லை.
"நாலாயிரத்து இருநூறு பேரு, கண்ணு," என்றேன். "மொத வெட்டு வெட்டினவ பேரு மாதம்மாள்."
பொய்தான். வரைபடத்தில் வெட்டாற்றின் சரிவு மட்டும் சரியாக இருக்கிறது.